ஆயிரம் டாலர் பந்தயம்

நண்பர்களே, "என்ன பந்தயம்?" என்று கேட்டால் போதும், திண்ணைப் பேச்சில் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். பணத்துக்குப் பயந்து மட்டுமல்ல. அதுவரை பொத்தாம்பொதுவாக "எல்லாம் கெட்டுப்போகும்" என்றவர், எது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று சொல்லியாக வேண்டும். அதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்குத் துணிந்த இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்களைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஒருவர் ஸ்டான்ஃபோர்டு உயிரியலாளர் பால் எர்லிக். மக்கள்தொகை பெருகினால் பஞ்சம் வரும், கனிமங்கள் தீரும் என்று 1968 முதல் எச்சரித்து வந்தவர், தொலைக்காட்சிப் பிரபலம். மற்றவர் ஜூலியன் சைமன், பொருளியலாளர். ஆட்கள் கூடினால் மூளைகளும் கூடும், தட்டுப்பாடு வந்தால் மாற்றுவழி பிறக்கும் என்பது அவர் கட்சி.

1980இல் சைமன் பகிரங்கமாக அழைத்தார். அரசுக் கட்டுப்பாட்டில் இல்லாத எந்த மூலப்பொருளையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், ஓராண்டுக்கு மேற்பட்ட எந்தக் கெடுவையும் நீங்களே வையுங்கள், விலை ஏறாது. பொருளையும் கெடுவையும் எதிராளியிடமே விட்டாரே, அந்த இடத்தில் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

எர்லிக்கும் நண்பர்கள் இருவரும் செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஐந்தையும் தேர்ந்தெடுத்தார்கள். தலா 200 டாலர் மதிப்புக்கு, மொத்தம் 1,000. பத்து ஆண்டு கெடு. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்து, விலை ஏறியிருந்தால் வித்தியாசத்தை சைமன் தர வேண்டும், இறங்கியிருந்தால் எர்லிக்.

அந்தப் பத்தாண்டில் உலக மக்கள்தொகை 80 கோடிக்கு மேல் கூடியது. ஆனால் பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் ஐந்து உலோகங்களும் விலை இறங்கின. தொலைபேசியில் செம்புக் கம்பி இருந்த இடத்துக்குக் கண்ணாடி இழை வந்தது. வெள்ளீய விலையைத் தூக்கிப் பிடித்திருந்த சர்வதேசக் கவுன்சில் 1985இல் பணமில்லாமல் கைவிரித்தது. 1990 அக்டோபரில் சைமனுக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே உலோக விலைக் கணக்கு எழுதிய ஒரு தாள், 576 டாலர் 7 சென்டுக்கு ஒரு காசோலை. கடிதம் ஒரு வரிகூட இல்லை. ஆனால் சொன்ன சொல்லுக்குப் பணம் வந்து சேர்ந்தது, பாருங்கள்.

சரி, சைமன் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிட்டதா? இல்லை. 1900க்குப் பிறகான வேறு வேறு பத்தாண்டுகளைப் பொருளியலாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் எர்லிக்தான் ஜெயித்திருப்பார் என்று தெரிந்தது. பந்தயம் தீர்த்துவைத்தது ஐந்து உலோகத்தின் பத்தாண்டு விலையை மட்டும்.

அப்புறம் 1995இல் எர்லிக்கும் காலநிலை அறிஞர் ஸ்டீஃபன் ஷ்னைடரும் பதினைந்து பந்தயங்களை நீட்டினார்கள். 2002 முதல் 2004 வரையான மூன்றாண்டுகள் 1992–94ஐவிட வெப்பமாக இருக்கும் என்பது அதில் ஒன்று. சைமன் மறுத்துவிட்டார். ஓட்டக்காரரின் வேகத்தின் மேல் பந்தயம் கட்டுவேன், ஓடுதளம் எப்படி இருக்கும், வானிலை எப்படி இருக்கும் என்பதன் மேல் கட்டமாட்டேன் என்பது அவர் வாதம். மனிதர் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அளக்க வேண்டும் என்று அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனாலும் அன்று எதிராளியிடமே விட்ட மனிதர் இன்று எதை அளப்பது என்பதிலேயே நின்றுவிட்டாரே என்று எனக்கு மனத்தாங்கல்தான். 1998இல் சைமன் இறந்தார். 2002–04 அவர்கள் சொன்னபடியே வெப்பமாக இருந்தது.