கோரை சும்மா முளைக்கும், பாய் முளைக்காது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கைவினைப் பொருளுக்கு நியாயமான விலை கிடைக்காததற்கு யார் காரணம், விலை சொல்லத் தெரியாத விற்பவரா, பேரம் பேசும் வாங்குபவரா? வாங்குகிற நாம்தான் என்று பேச நாலு காரணம் எழுதி வந்தேன். ஆனால் எதிரணித் தம்பி ஒன்று சொன்னாரே, "கோரை ஆற்றங்கரையில் சும்மா முளைக்குது, அந்தப் பாய்க்கு ஆயிரக்கணக்கில் விலையா?" என்று. நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

தம்பி, கோரைதான் சும்மா முளைக்கும். பாய் முளைக்காது!

திருநெல்வேலிப் பக்கம், பாய்க்குப் பேர்போன பத்தமடைக்குப் போய்ப் பாருங்கள். கோரையை அறுத்து, கத்தியால் கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் தறி. 1953-ல் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டு விழாவுக்கே இந்த ஊர்ப் பாய் போனது என்று பெருமை பேசுகிறோம், விலையைக் கேட்டதும் முகம் சுருங்குகிறது.

1998, என் அக்கா கல்யாணம். பெண் மாப்பிள்ளை பேர் போட்ட பாய் வாங்க அம்மாவோடு பத்தமடை போனேன். நெய்த அம்மா ஆயிரத்து ஐநூறு என்றார். என் அம்மா, "எண்ணூறுக்குக் குடுங்கக்கா" என்றார். அவர் கோபப்படவில்லை. "கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளை அடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"அடிச்சோம்."

"அவருக்கு நாளுக்கு எவ்வளவு?"

"நூறு ரூபா."

"பேரம் பேசுனீங்களா?"

"இல்லக்கா, அது கூலியாச்சே."

"இந்தப் பாய்க்கு நானும் என் மருமகளும் இருபது நாள் உட்கார்ந்தோம். நீங்களே ஒரு விலை சொல்லுங்க."

நடுவர் அவர்களே, அந்தக் கணக்கை இன்னொரு தடவை போடுகிறேன். ஆயிரத்து ஐநூறு, இருபது நாள். நாளைக்கு எழுபத்தைந்து. அதுவும் இரண்டு பேருக்கு! நூலும் சாயமும் போனால் ஆளுக்கு முப்பத்தைந்துகூட நிற்காது. வெள்ளை அடித்தவருக்கு நூறு, பேர் நெய்தவருக்கு முப்பத்தைந்து. விலை சொல்லத் தெரியாதவரா அவர்? எத்தனை பேர் பாதிக்குக் கேட்டிருந்தால் அவ்வளவு குறைத்துச் சொல்லப் பழகியிருப்பார்! என் அம்மா வாயே திறக்கவில்லை. பர்ஸைத் திறந்தார், ஆயிரத்து ஐநூறையும் எண்ணி வைத்தார்.

போன வருஷம் அக்கா மகளுக்குக் கல்யாணம். என் அம்மா இப்போது இல்லை. அந்தப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அதே போல ஒன்று வேண்டும் என்று அதே வீட்டுக்குப் போனோம். நெய்த அம்மாவும் இல்லை. மருமகள் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். தறி போட்டு ரொம்ப நாளாச்சு, பீடிக்காவது வாரக்கூலி வருது என்றார்.

அக்கா பாயை விரித்தாள். அவர் பீடித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அக்கா பேரின் மேல் விரல் வைத்து, எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டே போனார். "இது மாமி கை" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"எங்களுக்காக இன்னொரு தடவை தறி போடுவீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "நான் சொல்ற விலையைக் குறைக்க மாட்டீங்களே?"

வணக்கம்.