கண்டவனும் அறிந்தவனும்: ஒரு ஸ்லாவிய வினைச்சொல்

அவையோருக்கு வணக்கம்.

கரும்பலகையில் 'வேதேத்தி' என்று எழுதி, அதன் தலைமாட்டில் ஒரு நட்சத்திரக் குறி இட்டிருக்கிறேன். நட்சத்திரம் சுமக்கும் சொல்லை எந்தச் சுவடியிலும் காண முடியாது. ஸ்லாவிய மொழிகளான ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன் ஆகியவற்றின் வடிவங்களை அருகருகே வைத்து, இவற்றுக்குத் தாய் இப்படித்தான் ஒலித்திருக்க வேண்டும் என்று மொழியியலார் மீட்டெடுத்த சொல் அது. பொருள், அறிதல். இந்தக் குறியை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் அவுகுஸ்ட் ஷ்லைஷர்.

863இல் சிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரர்கள் இன்றைய செக் நாட்டுப் பகுதியான மொராவியாவுக்குப் போய்த் திருச்சபை நூல்களை ஸ்லாவிய மொழியில் பெயர்த்தார்கள். அந்த மரபில் வந்த சுவடிகளில் 'நான் அறிவேன்' என்பதற்கு 'வேதே' என்ற பழைய வடிவம் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'வேத' என்றாலும் நான் அறிவேன் என்றே பொருள். கிரேக்கத்தில் 'ஒய்தா'. உடனே, சமஸ்கிருதம்தான் ரஷ்யாவுக்குப் போனது என்று முடிவுகட்டிவிடாதீர்கள், அது தவறு. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நாம் சமஸ்கிருதம் வழியாகப் பெற்ற வேதம், வித்தை, வித்துவான் ஆகியவையும் அந்த வேரிலிருந்து வந்தவைதான்.

அந்த மூல வேருக்குப் பொருள் பார்த்தல். 'கண்டிருக்கிறேன்' என்ற வடிவமே 'அறிவேன்' என்று பொருள் மாறியது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. ஸ்லாவிய மொழி இரண்டையும் கைவிடவில்லை: 'விதேத்தி' பார்ப்பது, 'வேதேத்தி' அறிவது. நடுவில் ஓர் உயிரொலிதான் வேறுபாடு.

ஸ்லாவியப் பிள்ளைகளிடம் 'வேதேத்தி'யின் நிலை ஒன்றுபோல் இல்லை. போலந்துக்காரர் இன்றும் தெரியாது என்பதற்கு 'நியெ வியெம்' என்கிறார். செக் மொழியில் 'நெவீம்'. ரஷ்யனிலோ அன்றாடப் பேச்சில் வேறொரு வினை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் 'உனக்குத்தான் தெரியுமே' என்ற தொனியில் ரஷ்யர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் செருகும் 'வேத்' என்ற சிறு சொல், அந்தப் பழைய 'வேதே'யின் எச்சம். செய்தி 'வெஸ்த்'. சூனியக்காரி 'வேத்மா', அதாவது அறிந்தவள். 1703இல் மாமன்னர் பீட்டர் வெளியிட்ட முதல் ரஷ்யச் செய்தித்தாளின் பெயர் 'வேதமஸ்தி'. கரடியைக் குறிக்கும் 'மெத்வேத்' மட்டும் இக்குடும்பம் அல்ல. அது தேன் தின்னி என்ற சொல். தேன் இருக்கும் இடம் அறிந்தது என்று பிற்காலத்தார் பொருள் சொல்லிக்கொண்டார்கள்.

மனச்சாட்சிக்கு ரஷ்யனில் 'சோவெஸ்த்', உடன் அறிதல். கிரேக்கத்தின் 'சினெய்தேசிஸ்' என்ற சொல்லை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்த மொழிபெயர்ப்பு இது. அந்தக் கிரேக்கச் சொல்லின் நடுவே இருப்பதும் நம் வேர்தான். பெயர்த்தவர்கள் அறியாமலே ஒரு சொல்லை அதன் உடன்பிறப்பால் பெயர்த்துவிட்டார்கள்!

கடைசியாக, நீதிமன்றக் கூண்டுக்கு வருவோம். பழைய ஸ்லாவியத்தில் சாட்சி என்பவர் அறிந்தவர். போலிஷின் 'ஷ்வியாதெக்', செக்கின் 'ஸ்வியெதெக்' இரண்டும் இன்றும் அறிதல் வினையையே சுமக்கின்றன. பழைய ரஷ்யனிலும் அந்தச் சொல் 'வேதேத்தி'யின் பிள்ளையாகவே இருந்தது. ஆனால் சாட்சி என்றால் கண்ணால் கண்டவர்தானே என்று மக்கள் எண்ண எண்ண, உயிரொலி நழுவி, இன்று அது 'ஸ்விதேத்தெல்', பார்த்தல் வினையின் சொல்லாகிவிட்டது. நாம் வழங்கும் 'சாட்சி'யின் மூலமான 'சாக்ஷின்' என்ற சொல்லுக்குள்ளும் கண் இருக்கிறது. வார்சாவில் கூண்டேறுபவர் அறிந்தவர். மாஸ்கோவில் கூண்டேறுபவர் கண்டவர்.