தீர்ப்பு உண்டு, காவல்படை இல்லை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சர்வதேச நீதிமன்றம் என்றதும் சிலர் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். சிலர் வெறும் கண்துடைப்பு என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, இன்று ஒரே ஒரு வழக்கைப் பற்றிப் பேசுகிறேன். ஆப்பிரிக்காவின் நடுவே இருக்கும் சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசேன் ஹாப்ரே மீதான வழக்கு அது.

ஹாப்ரேயின் ரகசியப் போலீஸ் தலைநகர் இன்ஜமேனாவில் இருந்த பழைய நீச்சல் குளம் ஒன்றைக் கான்கிரீட் போட்டு மூடி, உள்ளே அறைகள் தடுத்துச் சிறையாக்கியது. அந்த ஆட்சியில் 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று சாட் அரசின் விசாரணைக் குழு 1992இல் மதிப்பிட்டது. லிபியாவின் கடாஃபிக்கு எதிராக ஓர் ஆள் தேவை என்பதற்காக அமெரிக்காவும் பிரான்சும் இந்த மனிதரைத் தாங்கிப் பிடித்தன, ஆயுதமும் கொடுத்தன.

1990 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. ஹாப்ரே செனகல் நாட்டுக்குத் தப்பியோடி, டக்கார் நகரில் வசதியாகக் குடியேறினார். சிறையிலிருந்து உயிரோடு மீண்டவர்களில் சுலேமான் கெங்கெங் என்ற கணக்கர் ஒருவர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே கிடந்தவர், உடனிருந்தவர்கள் சாவதைக் கண்ணால் பார்த்தவர். வெளியே வந்ததும் பாதிக்கப்பட்டோரைத் தேடித் தேடி 792 பேரின் வாக்குமூலங்களைச் சேர்த்தார். மிரட்டல் வந்தபோது அந்தத் தாள்களை ஒளித்துவைத்தார். பிற்காலத்தில் எந்தச் சர்வதேச அமைப்பு அசைந்திருந்தாலும், அதற்கு வேர் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

2000ஆம் ஆண்டு டக்காரில் புகார் கொடுத்தார்கள். நீதிபதி குற்றச்சாட்டும் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே செனகலின் உயர்ந்த நீதிமன்றம், வெளிநாட்டில் நடந்த சித்திரவதையை விசாரிக்க செனகல் சட்டத்தில் இடமில்லை என்று கதவைச் சாத்தியது. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை 1986லேயே ஏற்ற நாடு அது! சந்தேகத்துக்குரியவர் உன் மண்ணில் இருந்தால் விசாரி, இல்லையேல் ஒப்படை என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது. அதற்கேற்ப உள்நாட்டுச் சட்டத்தைத் திருத்தாமல் விட்டிருந்தார்கள். நாம் செனகலைக் குறை சொல்வதற்கு முன், இந்தியா அதே உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, இன்றுவரை அதை ஏற்றுறுதி செய்யவில்லை என்பதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும்.

வேறு எங்கே போவது? தனிமனிதர்களை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2002 ஜூலைக்கு முந்தைய குற்றங்களைத் தொடாது. நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைத் தீர்க்கும் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம் வேறு, அதில் அரசுகள்தான் வழக்குப் போட முடியும். சித்திரவதைப்பட்டவருக்கு அங்கே வாசல் இல்லை. ஆகவே பெல்ஜியத்துக்குப் போனார்கள். புகார்தாரர்களில் பெல்ஜியக் குடியுரிமை பெற்ற சாட் நாட்டவரும் இருந்தார்கள். 2005இல் பெல்ஜியம் பிடியாணை பிறப்பித்தது. செனகல் ஹாப்ரேயை ஒப்படைக்கவில்லை. 2006இல் ஐ.நா.வின் சித்திரவதைத் தடுப்புக் குழு, செனகல் உடன்படிக்கையை மீறியது என்று முடிவு சொன்னது. அந்தக் குழுவால் முடிவு சொல்லத்தான் முடியும், ஒரு காவலரைக்கூட அனுப்ப முடியாது. அதே ஆண்டு, ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஆப்பிரிக்க ஒன்றியம், ஆப்பிரிக்காவின் பெயரால் நீயே விசாரி என்று செனகலிடம் கேட்டுக்கொண்டது. பணம் இல்லை, சட்டம் இல்லை என்று ஆண்டுகள் ஓடின.

இதற்கிடையே நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர் ஜாக்குலின் முதேனா 2001இல் இன்ஜமேனாவில் ஓர் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டபோது கையெறி குண்டு வீசினார்கள். காலில் படுகாயம். சிகிச்சை முடிந்து திரும்பிவந்து அதே வழக்கை நடத்தினார். அதே ஆண்டில் ரகசியப் போலீஸின் பழைய தலைமையகத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ஆயிரக்கணக்கான கோப்புகள் மனித உரிமை ஆய்வாளர்கள் கண்ணில் பட்டன. காவலில் இறந்த 1,208 பேரின் பெயர்கள், அந்தப் போலீஸே எழுதிவைத்த தாள்களில் இருந்தன.

செனகல் மீது பெல்ஜியம் தொடுத்த வழக்கில் 2012 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், ஒப்படைக்காவிட்டால் இனியும் தாமதிக்காமல் விசாரணைக்கு அனுப்பு என்று செனகலுக்கு ஆணையிட்டது. அந்த ஆண்டுதான் செனகலில் ஆட்சியும் மாறியிருந்தது. ஆட்சி மாறாமல் இருந்திருந்தால் ஆணை மட்டும் போதுமாக இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகலும் சேர்ந்து டக்காரில் சிறப்பு நீதிமன்றம் அமைத்தன. 2013இல் கைது, 2016 மே 30 அன்று ஆயுள் தண்டனை. ஒரு நாட்டின் முன்னாள் அதிபரை இன்னொரு நாட்டின் மண்ணில் ஆப்பிரிக்க நீதிபதிகள் மனித உரிமைக் குற்றங்களுக்காகத் தண்டித்தார்கள். சிறையில் கிடந்தவர்கள் எதிரே அமர்ந்து அதைக் கேட்டார்கள். அதைச் சிறிய விஷயம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

ஆனால் அந்த நீதிமன்றத்தின் முன் நின்றவர் ஹாப்ரே ஒருவர் மட்டுமே. அவருடைய ஆட்சியில் படைத்தளபதியாக இருந்து, பின்பு அவரையே கவிழ்த்த இத்ரிஸ் டெபி, 2021இல் இறக்கும்வரை சாட்டின் அதிபர். தேடப்பட்ட மற்றவர்களை டெபியின் அரசு டக்காருக்கு அனுப்பவில்லை.

பணத்தின் கதை இன்னும் கொடுமை. 2017இல் மேல்முறையீட்டு அமர்வு, 7,396 பேருக்கு சாட்டின் நாணயமான சி.எஃப்.ஏ. ஃபிராங்கில் மொத்தம் 8,200 கோடிக்கு மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஹாப்ரே 2021 ஆகஸ்டில் கொரோனாவால் இறந்தார். இழப்பீட்டைக் கொடுக்க ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்படுத்திய நிதியம் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் கொடுக்கவில்லை. 2024இல்தான் சாட் அரசு ஒரு சிறு பகுதியைத் தரத் தொடங்கியது. காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். ஹாப்ரேக்கு ஆயுதம் கொடுத்த அமெரிக்காவும் பிரான்சும் அந்த நிதியத்தை நிரப்பட்டும் என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. நாம் கேட்கலாம், நான் கேட்கிறேன்.