வேறு எதற்கோ எழுதப்பட்ட பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். அனிமே என்று சொல்லப்படும் ஜப்பானிய அசைவோவியத் தொடர்களில் கேட்பவரைக் கண்கலங்க வைக்கும் பாடல்களைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டிருந்தார்கள். அனிமே ரசிகர்கள் நான்கு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். எது முதலிடம் என்று சண்டையும் போடுவார்கள். அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. ஆனால் நெடுநாளாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். அழ வைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு செய்த பாடல்கள் என்னை அவ்வளவாக அசைப்பதில்லை. வேறு எதற்கோ எழுதப்பட்டு, பிறகு ஒரு துக்கத்தில் வந்து பொருந்திக்கொண்ட பாடல்கள்தாம் ஆளை உலுக்கிவிடுகின்றன.

2011 ஏப்ரலில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய தொடர் ஒன்று. 'அன்று நாம் பார்த்த அந்தப் பூவின் பெயர் நமக்கு இன்னும் தெரியாது' என்பது அதன் பெயர். இவ்வளவு நீளமான பெயரை யார் சொல்லிக்கொண்டிருப்பது? 'அனோஹனா' என்று சுருக்கிவிட்டார்கள். பதினொரே அத்தியாயங்கள். கதை நடப்பது சைதாமா மாநிலத்தில் மலைகள் சூழ்ந்த சிச்சிபு என்ற ஊரில். கதை எழுதிய மாரி ஒகாடாவுக்கும் அதுதான் சொந்த ஊர். சிறுவயதில் ஆறு நண்பர்கள், காட்டுக்குள் ஒரு குடிசை, அதுதான் அவர்களின் ரகசிய இருப்பிடம். அவர்களில் மென்மா என்ற சிறுமி ஒரு விபத்தில் இறந்துபோகிறாள். மற்ற ஐவரும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து, பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்ட ஜின்டா என்ற பையன் முன்னால் மென்மா வந்து நிற்கிறாள். வேறு யார் கண்ணுக்கும் அவள் தெரிவதில்லை. ஓர் ஆசையை நிறைவேற்றித் தரும்படி கேட்கிறாள். என்ன ஆசை என்பது அவளுக்கே நினைவில் இல்லை.

இந்தத் தொடரின் நிறைவுப் பாடல்தான் 'சீக்ரெட் பேஸ்'. தொலைக்காட்சி அனிமேயில் தொடக்கப் பாடலுக்கும் நிறைவுப் பாடலுக்கும் தலா 90 விநாடிதான் வழக்கம். பெரும்பாலும் கதை முடியும், திரை மாறும், பாட்டு வரும். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். அனோஹனாவில் அப்படி எழுந்து போக விடமாட்டார்கள். பாத்திரங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, வசனத்துக்கு அடியில் பாட்டின் முன்னிசை மெல்லத் தொடங்கிவிடும். யாரோ ஒருவர் சொல்லக் கூடாததைச் சொல்லியிருப்பார், அல்லது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருப்பார். அந்த நொடியில் காட்சி அறுந்து, குரல்கள் எழும். நாலைந்து வாரம் இப்படிப் பழகிய பிறகு கதை எதுவும் தேவையில்லை. முன்னிசையின் முதல் சில சுரங்கள் காதில் விழுந்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பாடியவர்கள் யார் என்று பாருங்கள். மென்மாவுக்கும் அவளுடைய தோழிகள் இருவருக்கும் குரல் கொடுத்த ஆய் கயானோ, ஹருகா தோமாட்சு, சவோரி ஹயாமி ஆகிய மூவர். ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கேட்காத மென்மாவின் குரல், பாட்டில் மட்டும் தோழிகளின் குரலோடு சேர்ந்து ஒலிக்கிறது. கதை பதினொரு வாரம் தள்ளிப்போட்ட சந்திப்பை, நிறைவுப் பாடல் முதல் வாரத்திலேயே நடத்திவிடுகிறது. இந்த நுட்பத்துக்காகவே இதைச் செய்தவர்களைக் கும்பிடலாம்.

சரி, இந்தப் பாட்டு அனோஹனாவுக்காக எழுதப்பட்டதா? இல்லை. நோரிஹிகோ மச்சிதா எழுதி இசையமைத்த இதை 2001 ஆகஸ்டில் வெளியிட்டது, சப்போரோ நகரத்துப் பதின்பருவச் சிறுமிகளின் 'ஸோன்' என்ற இசைக்குழு. அப்போது அது வேறொரு தொலைக்காட்சி நாடகத்தின் பாடல். கோடை விடுமுறை முடிகிறது, வாணவேடிக்கை பார்த்தாயிற்று, நண்பன் ஊரை விட்டுப் போகிறான்: அவ்வளவுதான் விஷயம். பத்தாண்டுகள் கழித்து ஓர் ஆகஸ்டில் மறுபடி சந்திப்போம் என்று நம்புவதாக அதில் ஒரு வரி வரும். இடம் மாறிப் போகிற நண்பனுக்குச் சொன்ன வரி, சரியாகப் பத்தாண்டு கழித்து, செத்துப்போன சிறுமியின் கதையில் வந்து உட்கார்ந்தது. ஸோன் குழு 2005இலேயே கலைந்துவிட்டிருந்தது. ஆனால் அந்த வரியைக் கேட்டு வளர்ந்தவர்கள் மறக்கவில்லை, பாடியவர்களும் மறக்கவில்லை. 2011 ஆகஸ்டில் குழு மீண்டும் கூடிப் பாடியது.

இதே 2001இல் வெளிவந்த, அனிமே இயக்குநர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' படத்தின் இறுதிப் பாடலுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். யூமி கிமுரா லையர் என்ற சிறிய யாழை மீட்டிக்கொண்டு பாடுவது. சொற்கள் வகாகோ காகுவுடையவை. மியாசாகி எடுக்க நினைத்துக் கைவிட்ட வேறொரு படத்தை மனத்தில் வைத்துப் பிறந்த பாட்டு அது. படமே இல்லை என்றானதும் கிடப்பில் கிடந்தது, பின்னால் இந்தப் படத்துக்கு வந்து சேர்ந்தது. வாழ்வதும் வியப்பு, சாவதும் வியப்பு, பூவும் காற்றும் ஊரும் அப்படியே என்று பொருள்படும் வரிகளைத் தாலாட்டு மாதிரி பாடிக்கொண்டு போகிறார்.

நான் உண்மையில் பேச வந்தது ஆன்பன்மேனைப் பற்றி. அனிமே ரசிகர்களின் சோகப் பட்டியல்களில் இவனுக்கு இடமே கிடையாது. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் பார்க்கிற தொடர். உள்ளே இனிப்புப் பயறுப் பூரணம் வைத்த பன்தான் கதாநாயகனின் தலை. பசித்தவர்களைக் கண்டால் தன் முகத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக் கொடுப்பான். பேக்கரிக்காரரான ஜாம் மாமா புதிய முகம் சுட்டு மாட்டிவிடுவார். 1973இல் படக்கதையாக வந்தபோது, முகத்தைத் தின்னக் கொடுப்பதா, என்ன கொடுமை என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். குழந்தைகள் புத்தகம் கிழியக் கிழியப் படித்தார்கள்.

உருவாக்கியவர் தகாஷி யானசே. 1919இல் பிறந்தவர், போரில் சிப்பாயாகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டவர், அங்கே பட்டினியை அறிந்தவர். அவருடைய ஒரே தம்பி கடற்படையில் சேர்ந்து 1944இல் இறந்தார். போர் முடிந்ததும் நேற்றுவரை நீதி என்று சொல்லப்பட்டது அநீதி ஆகிவிட்டது. பசித்தவனுக்குச் சோறு போடுவது ஒன்றுதான் எந்தப் பக்கம் போனாலும் மாறாத நீதி என்பதை யானசே பலமுறை எழுதியும் பேசியும் இருக்கிறார். 1988 அக்டோபரில் தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது 69. 'ஆன்பன்மேன் அணிவகுப்பு' என்ற தொடக்கப் பாடலுக்குச் சொற்களை எழுதியவரும் அவரே.

எதற்காகப் பிறந்தாய், எதைச் செய்து வாழப்போகிறாய், இதற்குப் பதில் தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி போகும் அந்தப் பாட்டு. நெஞ்சில் பட்ட காயம் வலித்தாலும் உயிரோடிருப்பது மகிழ்ச்சி என்றும் வரும். பால்பல் விழாத குழந்தைக்கு எழுதுகிற வரிகளா இவை! மெட்டு அமைத்தவர் தகாஷி மிகி. வடக்கே ட்சுகாரு நீரிணையின் குளிர்காலத்தைப் பற்றி 1977இல் ஜப்பானையே உருக வைத்த சோகப் பாட்டுக்கு இசையமைத்தவர் இவர்தான். அழ வைக்கத் தெரிந்த அந்த ஆள், இங்கே துள்ளிக் குதிக்கும் அணிவகுப்பு மெட்டைப் போட்டுக் கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் குழந்தைகள் கைதட்டிப் பாடினார்கள், யாரும் அழவில்லை.

2011 மார்ச் 11. நிலநடுக்கம், ஆழிப்பேரலை. இறந்தோரும் காணாமற்போனோருமாகப் பதினெட்டாயிரத்துக்கும் மேல். மின்சாரம் போன ஊர்களில் வானொலிதான் துணை. அந்த நாட்களில் வானொலி நிலையங்களுக்கு இந்தப் பாட்டைக் கேட்டு வேண்டுகோள்கள் குவிந்தன. முகாம்களில் குழந்தைகள் பழக்கத்தில் கூடவே பாடினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், அதுவரை பிள்ளைகளுக்காக அழாமல் இருந்தவர்கள், உடைந்துபோனார்கள். அதே சொற்கள், அதே மெட்டு, அதே துள்ளல். எதற்காகப் பிறந்தாய் என்று ஒரு பன் தலைக்காரன் கேட்கிற கேள்வியை, வீட்டையும் வீட்டு மனிதர்களையும் இழந்து தரையில் உட்கார்ந்திருப்பவர் கேட்டால் அது வேறு கேள்வி. சோகமான மெட்டாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். சோகப் பாட்டு வருவதற்கு முன்பே நாம் மனத்தைத் திடப்படுத்திக்கொள்கிறோம். குழந்தைப் பாட்டுக்கு எதிரில் யாரும் அப்படி ஆயத்தமாக இருப்பதில்லை.

இசையமைத்த மிகி இதைக் காணவில்லை, 2009இலேயே காலமாகிவிட்டார். யானசே கண்டார். அப்போது 92 வயது. கண்ணும் உடம்பும் ஒத்துழைக்காமல், வேலையை விட்டு ஓய்வு பெறலாம் என்றிருந்தவர். வானொலிச் செய்தி அவரை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தது. பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் சுவரொட்டிகள் வரைந்தார். ரிகுசென்தகாதா கடற்கரையில் இருந்த சுமார் 70,000 பைன் மரங்களில் ஒன்றே ஒன்று அலைக்குத் தப்பி நின்றது. அதைப் பற்றி ஒரு பாட்டும் எழுதினார். 2013 அக்டோபரில், 94ஆம் வயதில் இறக்கும்வரை வரைந்துகொண்டுதான் இருந்தார். தொடர் இன்னும் ஓடுகிறது. தொடக்கப் பாடலை மட்டும் மாற்றவில்லை. நன்றி, வணக்கம்.