கழுத்து வலியும் கண்ணாடியும்

நேயர்களுக்கு வணக்கம். கணக்கு எழுதும் வேலையில் 28 ஆண்டுகள் கணினி முன்னால் உட்கார்ந்தவள் நான். கணினியால் வரும் உடல்வலி, கணினியைச் சுற்றியுள்ள சட்டம், இரண்டையும் பேச அழைத்திருக்கிறார்கள். வலியிலிருந்தே தொடங்குகிறேன்.

2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் கொரோனாவுக்காக எல்லாரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்ன சர்க்கிட் பிரேக்கர் வந்ததும், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். மூன்றாவது வாரம் கழுத்து பிடித்துக்கொண்டது. திரை கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சரி என்று இரண்டு மைலோ டின்களை அடியில் வைத்து மடிக்கணினியை உயர்த்தினேன். தனி விசைப்பலகையும் வாங்கினேன். வலி கூடியதுதான் மிச்சம். படுத்தால் தலையைத் திருப்ப முடியாது. தைலம் தேய்க்காத இரவு இல்லை.

கடைகள் திறந்ததும் கண்ணாடி மாற்றப் போனேன். அங்கிருந்த கண் பரிசோதகர், "அம்மா, கணினி முன்னால் எப்படி உட்காருவீர்கள், காட்டுங்கள்" என்றார். உட்கார்ந்தேன். என்னை அறியாமலே மோவாய் மேலே போயிருந்தது. அதை அவர்தான் சுட்டிக்காட்டினார். நாற்பதைத் தாண்டிய பலர் போடும் புரோகிரசிவ் கண்ணாடியில் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிக்க. திரையை உயர்த்த உயர்த்த, கீழ்ப்பகுதி வழியாக அதைப் பார்ப்பதற்காகத் தலை பின்னால் சாய்கிறது. எட்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் எந்தக் கழுத்து தாங்கும்?

அன்றே இரண்டு டின்களையும் எடுத்துவிட்டேன். கை நீட்டும் தூரத்துக்கென்று கணினிக்குத் தனிக் கண்ணாடி ஒன்றும் செய்துகொண்டேன். சில வாரங்களில் வலி இறங்கியது. இதைக் கேட்கும் அக்காமார், அண்ணன்மாருக்குச் சொல்கிறேன்: புரோகிரசிவ் கண்ணாடி போட்டிருந்தால் திரையைக் கொஞ்சம் தாழ்த்திப் பாருங்கள். கைவிரல் மரத்துப்போனாலோ வலி கைக்கு இறங்கினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கண் எரிச்சலுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது, கண் காய்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்கள் என்பார்கள். அளவு நாடா வேண்டாம், சன்னல் வழியே எதிர் புளோக்கைப் பாருங்கள், போதும். பேரப்பிள்ளைகளைக் கீழே விளையாட்டுத் திடலுக்கு அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு.

அப்புறம் அலுவலகம். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் என்றால் கட்டுமானத் தளத்துக்கும் கப்பல் பட்டறைக்கும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2006இல் வந்த அந்தச் சட்டம் 2011 செப்டம்பரிலிருந்து எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். குளிரூட்டிய அலுவலகமும் அதில் அடக்கம். நான் வேலைபார்த்த ஓரிடத்தில் சாய்மானம் உடைந்த நாற்காலியில் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தேன், கேட்கக் கூச்சப்பட்டு. ஊழியரின் உடல்நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை. நீங்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். நிறையப் பேச நினைத்தது சட்டத்தைப் பற்றித்தான், ஒன்றையாவது சொல்லிவிடுகிறேன். அரசாங்க இணையச் சேவைகளுக்கு நம் அடையாளமான சிங்பாஸ் கணக்கின் மறைச்சொல்லைக் காசு தருகிறோம் என்று மோசடிக்காரர்கள் கேட்டு வருகிறார்கள், இளையர்களிடம் குறிப்பாக. குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ கொடுத்தால், கொடுத்தவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் 2023இல் சேர்த்த திருத்தம் இது. யாராவது கேட்டு, உங்களுக்குச் சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடி உதவி எண்ணை அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். வணக்கம்.