குரலை நம்பாத விமானி

தலைவர் அவர்களே, தண்டையார்பேட்டைப் படிப்பகத்து நண்பர்களே, வணக்கம். சற்று முன் நாம் பார்த்த ‘ஃபெயில் சேஃப்’ 1964-இல் சிட்னி லூமெட் இயக்கத்தில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்க வான்படையின் கருவியொன்றில் நேர்ந்த கோளாறால், அணுகுண்டு சுமந்த விமானக் குழு ஒன்றுக்கு மாஸ்கோவைத் தாக்கும் ஆணை போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதைத் திரும்பப் பெற முடியவில்லை. எஞ்சிய கொஞ்ச நேரத்தில் அமெரிக்க அதிபர் சோவியத் தலைவரோடு தொலைபேசியில் பேசுகிறார். கதை இவ்வளவுதான். பின்னணி இசை இல்லை. தண்டித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப ஒரு வில்லனும் இல்லை. ஆனாலும், அரைமணி நேரம் கழிந்தபின் பின்வரிசைத் தம்பிகள்கூடக் கைப்பேசியை எடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

அந்த இறுக்கம் குண்டிலிருந்து வரவில்லை. எதிரி ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றும், உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் உண்மைக்கே குறுக்கே நிற்பதிலிருந்து வருகிறது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய பிறகு வானொலியில் யார் பேசினாலும் நம்பாதே, அது எதிரி செய்யும் மிமிக்ரியாக இருக்கலாம் என்று விமானிக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. அதிபரே பேசுகிறார், விமானி கேட்கவில்லை. பிறகு மனைவியை அழைத்துவந்து பேசவைக்கிறார்கள். அந்தப் பெண் பெயர் சொல்லிக் கெஞ்சும்போது விமானியின் முகத்தில் ஒரு கணம் ஏதோ அசைகிறது. மறுகணம் கடமை அதை மூடிவிடுகிறது. அவரை முட்டாள் என்று சொல்ல நமக்கு வாய் வராது, ஏனென்றால் அவர் கற்றுக்கொண்டதைப் பிழையின்றிச் செய்கிறார். படத்தின் கொடுமையே அந்தப் பிழையின்மைதான்.

அதிபரின் நிலவறைக்கு வருவோம். வெறும் சுவர், ஒரு மேசை, தொலைபேசி, அதிபராக ஹென்றி ஃபோண்டா. அருகில் மொழிபெயர்ப்பாளராக இளம் லாரி ஹாக்மன். சோவியத் தலைவரின் சொற்களை மட்டுமல்ல, அவர் குரலில் சினமா, அச்சமா, தயக்கமா என்று படுவதையும் சொல்ல வேண்டும் என்று அதிபர் அந்த இளைஞரிடம் கேட்டுக்கொள்கிறார். மாஸ்கோவை லூமெட் காட்டுவதே இல்லை. காதில் விழும் குரலும், வியர்வை அரும்பிய ஓர் இளைஞரின் முகமும்தான் நமக்குச் சோவியத் நாடு. உண்மையில், அணுப்போரின் விளிம்புவரை போன 1962 கியூபா நெருக்கடிக்குப் பின் 1963-இல் இரு நாடுகளும் அமைத்துக்கொண்ட நேரடித் தொடர்பு தொலைபேசியே அல்ல. எழுத்தாகச் செய்தி அனுப்பும் டெலிபிரின்டர் இணைப்பு. இயக்குநர் எடுத்துக்கொண்ட இந்தச் சலுகையை நான் மன்னிக்கிறேன், எதிரியின் குரலை நம்புவதா இல்லையா என்பதே கதையாக இருப்பதால்.

வால்டர் மத்தாவ் ஏற்ற பேராசிரியர் பாத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாவை இலட்சக் கணக்கில் கூட்டிக் கழிக்கும் அறிஞர்களை நாம் தொலைக்காட்சி விவாதங்களிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இது அமெரிக்கர்களின் பழைய கவலை என்று ஒதுக்கிவிட நமக்கு வழியில்லை. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகப் புறப்பட்டுப் பாகிஸ்தானின் மியான் சன்னு பகுதியில் போய் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, உயிரிழப்பும் இல்லை. மறுநாள் பாகிஸ்தான் இராணுவம் அதை உலகுக்கு அறிவித்தது. அதற்கும் அடுத்த நாள்தான் நம் அரசு, பராமரிப்பின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று வருத்தம் தெரிவித்தது. அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு அண்டை நாடுகளுக்கு இடையே, தவறு நடந்ததற்கும் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னதற்கும் நடுவே இரண்டு நாள் போயிற்று. படத்தில் அதிபருக்கு அந்த இரண்டு நாள் கிடைக்கவில்லை.

இனி என் மனக்குறை. நடந்தது விபத்துதான் என்று மெய்ப்பிக்க, மாஸ்கோ அழிந்தால் தன் நாட்டு நியூயார்க்கைத் தானே அழிப்பதாக அதிபர் வாக்களிக்கிறார். அவர் மனைவி அந்த நகரத்தில்தான் இருக்கிறார். குண்டு வீசப் பணிக்கப்பட்ட தளபதி பிளாக்கின் குடும்பமும் அங்கேதான். படம் இதைப் பெருந்தியாகமாகக் காட்டுகிறது. யாருடைய தியாகம்? நியூயார்க் மக்களைக் கதை கடைசிச் சில நொடிகளில்தான் நினைத்துக்கொள்கிறது: தெருவில் நடப்பவர்களும் விளையாடும் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராகத் திரையில் உறைந்துபோகிறார்கள். அந்த உத்தி அழகானதுதான். ஆனால் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைப் படம் ஒரு குற்றமாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்த இரவில், என்ன நடக்கிறதென்று சொல்ல ஆளில்லாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்த பெரியகுப்பத்துக்காரர்கள் இங்கே இருந்தால், அந்தக் காட்சியில் அவர்களுக்கு முதலில் படுவது இதுவாகத்தான் இருக்கும்.

இதே அச்சத்தைக் கேலியாக்கிய ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படம் அதே ஆண்டு சனவரியில் வந்து பெயர் வாங்கிவிட்டதால், அக்டோபரில் வந்த இது வசூலில் படுத்துவிட்டது. சிரிப்புக்கு அதிக ஆயுள் என்பார் உண்டு. எனக்கு இதுவே பெரிய படம்.

முடிவில் வந்த எழுத்துகளை எத்தனை பேர் படித்தீர்களோ தெரியாது. கடுமையான பாதுகாப்பு முறைகள் இருப்பதால் இத்தகைய நிகழ்ச்சி நடக்கவே முடியாது என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிலைப்பாடு என்று அதில் இருந்தது. 1979 நவம்பரில் பயிற்சிக்கான ஒரு பதிவு கணினியில் ஓடி, சோவியத் தாக்குதல் தொடங்கிவிட்டதாக அவர்களுடைய கண்காணிப்பு மையத்தையே நம்பவைத்தது. அடுத்த ஆண்டு சூன் மாதத்தில் அதே போன்ற பொய் எச்சரிக்கை மீண்டும் வந்தது. துருவிப் பார்த்தபோது, காரணம் 46 சென்ட் விலையுள்ள ஒரு கணினிச் சில்லு. 1983 செப்டம்பரில் சோவியத் செயற்கைக்கோள் ஐந்து ஏவுகணைகள் வருவதாகக் காட்டியபோது, பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் தன் கருவியை நம்ப மறுத்து, பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். அந்த அமைப்பு அவரிடம் எதிர்பார்த்தது வேறு. ‘ஃபெயில் சேஃப்’ விமானியின் இடத்தில் பெத்ரோவ் உட்கார்ந்திருந்தால் மனைவியின் குரலை நம்பியிருப்பாரா என்பதில் உங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கும் என்று நினைக்கிறேன். ஒலிவாங்கி இதோ, பேசலாம்.