ஏழு கல் மோதிரத்துக்காக

நடுவர் அவர்களே, சேலத்துப் பெரியோர்களே, வணக்கம். நிச்சயதார்த்த மோதிரத்துக்குப் பொருத்தம் ஒற்றைக் கல் சாலிடேரா, பல கல் பதித்த கிளஸ்டரா என்பது கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், ஒற்றைக் கல்தான் மரபு, அதுதான் எடுப்பாக இருக்கும், பொடிக் கல் என்றால் விழுந்துவிடும் என்றார்.

யாருடைய மரபு ஐயா? ஆறு கால் வைத்து ஒரே வைரத்தைத் தூக்கிப் பிடிக்கும் அந்த மோதிரத்தை நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் 1886-இல் கொண்டுவந்தது. வைரம் என்றென்றைக்கும் என்ற விளம்பர வாசகம் டி பியர்ஸ் கம்பெனிக்காக 1947-இல் எழுதப்பட்டது. நம் வீடுகளில் தாம்பூலம் மாற்றித்தான் நிச்சயம். மோதிரம் பின்னால் வந்து சேர்ந்தது. நல்ல வழக்கம், இருக்கட்டும். ஆனால் வைரம் என்றதும் நம் பாட்டிமார் ஆசைப்பட்டது ஏழு கல் தோட்டுக்குத்தானே? நடுவில் ஒன்று, சுற்றி ஆறு.

அந்த ஏழுக்குக் கணக்கு இருக்கிறது. எல்லாம் ஒரே அளவு கல் என்றால், நடுக்கல்லைச் சுற்றி இடுக்கு விழாமல் உட்காருவது ஆறுதான். ஏழு ஒரு ரூபாய்க் காசை மேஜையில் வைத்துப் பாருங்கள், தெரியும். வைர எடையில் நூறு சென்ட் ஒரு கேரட். பத்து சென்ட் வைரம் சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். ஏழையும் சேர்த்தால் எடை 70 சென்ட், முகப்பு 9 மில்லிமீட்டர். அதே 70 சென்ட்டில் ஒற்றைக் கல் 6 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. 9 மில்லிமீட்டர் முகப்பு ஒற்றைக் கல்லில் வேண்டுமென்றால் இரண்டரை கேரட்டைத் தாண்ட வேண்டும். கல் பெரிதாகப் பெரிதாக, கேரட்டுக்கு என்ன ரேட் என்பதே ஏறிக்கொண்டு போகும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அதற்கு எங்கே போவார்? கடன் வாங்கித்தான் பெண் கையைப் பிடிக்க வேண்டுமா?

திருப்பி விற்கும்போது பெரிய கல்லுக்கு மதிப்பு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிச்சய மோதிரத்தை விற்கும் நாளை நினைத்தா வாங்குகிறோம்?

எங்கள் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாட்டியின் தோடு ஒரு ஜோடி, மொத்தம் பதினாலு கல். பேத்திகள் இரண்டு பேர். ஆசாரி தோட்டைப் பிரித்து, எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கிடந்த கற்களைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாக அடுக்கினார். நிறம் பார்த்து ஏழு இந்தப் பக்கம், ஏழு அந்தப் பக்கம். இரண்டு பேத்திக்கும் நிச்சய மோதிரம் ஆயிற்று. ஏற்காட்டில் வாழ்க்கைப்பட்டவள் கையிலும் பாட்டி இருக்கிறாள், அம்மாப்பேட்டையில் இருப்பவள் கையிலும் பாட்டி இருக்கிறாள். எனக்கு இதைவிடப் பெரிய சீர் தெரியாது.

அப்புறம், கல் விழும் என்ற பயம். நியாயமான பயம்தான். கல் நிறைய என்றால் பிடிப்பும் நிறைய, கவனம் வேண்டும். மோதிரத்தைக் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். தளர்ந்த கல் கலகலக்கும். உடனே ஆசாரியிடம் கொடுத்தால் கால்களை இறுக்கித் தந்துவிடுவார். அதையும் மீறி ஒன்று விழுந்தால் அதே நிறத்தில் இன்னொரு பத்து சென்ட் கல் வாங்கி வைக்கலாம். உயரத் தூக்கிக் கட்டிய ஒற்றைக் கல்லோ சேலை நூலில் சிக்கும், தலைமுடியில் மாட்டும். அது விழுந்தால் கையில் மிஞ்சுவது வெறும் வளையம்.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அடுத்துப் பேச எழும்போது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: பாட்டி விட்டுப் போனது ஒற்றைக் கல்லாக இருந்திருந்தால், அந்த இரண்டு பேத்திகளில் யாருக்கு அதைக் கொடுப்பார்? நன்றி, வணக்கம்.